நெயில் பாலிஷ் ஏன் கோடு கோடாகத் தெரிகிறது? விடை தேடிய ஒரு சேல்ஸ்மேனின் கதை: யார் இந்த சார்லஸ் ரெவ்சன்?

பார்லரில் இது அடிக்கடி நடக்கும். கஸ்டமர் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சீசாவில் பார்க்க அழகாக, அடர்த்தியாக இருக்கிறது. நகத்தில் முதல் கோட் போட்டதும் நடுவில் வெளுப்பு, ஓரத்தில் அடர்த்தி, பிரஷ் போன வழியெல்லாம் கோடு. இரண்டாவது கோட் போட்டாலும் சரியாகவில்லை. மூன்றாவது போட்டால் காயவே மாட்டேன் என்கிறது. கஸ்டமர் முகம் சுருங்குகிறது. பழி யார் மேல்? பாலிஷ் மேல் இல்லை, பூசியவர் கை மேல்.

கிட்டத்தட்ட 90 வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவில் பார்லர் பார்லராக ஏறி இறங்கிய ஒரு இளைஞர் இந்தப் பிரச்சினையிலிருந்துதான் தன் தொழிலைத் தொடங்கினார். பெயர் சார்லஸ் ரெவ்சன். அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ரெவ்லான். அழகுசாதனக் கடைக்குள் ஒரு முறையாவது போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத்தான் பலருக்குத் தெரியாது.

சுருட்டுத் தொழிலாளியின் மகன்

1906 அக்டோபர் 11-ல் பிறந்தவர் சார்லஸ் ரெவ்சன். வளர்ந்தது அமெரிக்காவின் நியூ ஹாம்ஷைர் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர் நகரில். (இங்கிலாந்தின் கால்பந்து நகரம் இல்லை, இது வேறு மான்செஸ்டர். ஆலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர்.) ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா சாமுவேல் சுருட்டு ஆலையில் சுருட்டு உருட்டுபவர். மூத்தவர் ஜோசப், நடுவில் சார்லஸ், இளையவர் மார்ட்டின் என மூன்று மகன்கள்.

1923-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கல்லூரி இல்லை. நேராக நியூயார்க். பெண்களுக்கான ஆடை விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. அங்கே துணி வாங்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்தக் காலத்தில்தான் நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்தது. நமக்கெல்லாம் கறுப்பு என்றால் கறுப்பு. துணி வாங்குபவருக்கு அப்படி இல்லை. நீலம் கலந்த கறுப்பு, பழுப்பு அடித்த கறுப்பு, வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியும் கறுப்பு என்று வகைகள் உண்டு. தப்பான கறுப்பை வாங்கிவிட்டால் சரக்கு அப்படியே தேங்கிவிடும். நிறம் என்பது ரசனை மட்டுமல்ல, பணமும்தான் என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

பிறகு சிகாகோ போனார். அங்கே பார்த்த விற்பனை வேலை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 1930-களின் தொடக்கம் அமெரிக்காவே ஆடிப்போயிருந்த காலம். பெரும் பொருளாதார மந்தம். வங்கிகள் மூடிக்கொண்டிருந்தன, வேலை தேடி வரிசையில் நின்றவர்கள் லட்சக்கணக்கில். நியூயார்க் திரும்பிய ரெவ்சன், அருகில் இருக்கும் நியூஜெர்சியின் நெவார்க் நகரைச் சேர்ந்த எல்கா என்ற சிறிய நிறுவனத்தின் நெயில் பாலிஷை விற்கும் வேலையில் சேர்ந்தார்.

சாயமா, நிறமியா?

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். இதைப் புரிந்துகொள்ள அப்போதைய நெயில் பாலிஷ் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

இன்றைய பாலிஷின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள். சீக்கிரம் உலர்ந்து, மெல்லிய, கடினமான படலமாக மாறும். 1920-களில் கார்களுக்கு அடித்த லேக்கர் பெயின்ட்டும் இதே குடும்பம்தான். அதாவது உங்கள் நகத்தில் இருப்பது கார் பெயின்ட்டின் தூரத்துச் சொந்தம்.

அந்தப் படலத்துக்கு நிறம் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாயம். அது திரவத்தில் முழுதாகக் கரைந்துவிடும். தண்ணீரில் ரோஸ்மில்க் எசென்ஸ் ஊற்றிய மாதிரி, நிறம் வரும், ஆனால் மறுபக்கம் தெரியும். இன்னொன்று நிறமி. இது கரையாது. நுண்ணிய துகள்களாக மிதக்கும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி அடியில் இருப்பதை மறைத்துவிடும்.

அன்றைக்குச் சந்தையில் இருந்த பெரும்பாலான பாலிஷ்கள் சாயம் கலந்தவை. நிறங்களும் சொற்பம். சிவப்பில் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்ற அளவோடு முடிந்துவிடும். கண்ணாடி போல இருந்ததால் நகத்தின் வரிகள், வெள்ளைப் புள்ளிகள், அழுக்கு எல்லாம் தெரியும். பிரஷில் கொஞ்சம் அதிகமாக எடுத்த இடம் அடர்த்தியாகவும், குறைவாக எடுத்த இடம் வெளிறியும் தெரியும். பூசுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் முழுக்கச் சமாளிக்க முடியாது.

எல்காவின் பாலிஷ் வேறு மாதிரி. அதில் நிறமி இருந்தது. நகத்தை முழுதாக மூடியது. கோடு தெரியாமல் ஒரே சீராக உட்கார்ந்தது. துணிக்கடையில் நிறத்தோடு பழகிய ரெவ்சனுக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. நிறமியால் மறைக்க முடியும் என்றால், எந்த நிறத்தையும் நகத்துக்குக் கொண்டுவரலாம். மூன்று சிவப்பு முப்பது சிவப்பாகலாம்.

அண்ணன் ஜோசப்பும் சேர்ந்துகொண்டார். நியூயார்க் பகுதியில் விற்றது போதும், நாடு முழுவதும் விற்கும் உரிமை வேண்டும் என்று எல்காவிடம் கேட்டார்கள். நிறுவனம் மறுத்துவிட்டது. அந்த ஒரு மறுப்பு இல்லாமல் போயிருந்தால், ரெவ்லான் என்ற பெயரே இருந்திருக்காது.

300 டாலர், ஒரு 'எல்'

1932 மார்ச் 1. சார்லஸுக்கு வயது 25. சகோதரர்கள் இருவரும் சார்லஸ் லாக்மன் என்பவரோடு சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். கையில் இருந்த முதலீடு 300 டாலர். லாக்மனுக்கு ஒரு ரசாயன நிறுவனத்தோடு தொடர்பு இருந்தது. பாலிஷ் தயாரிக்கத் தேவையான சரக்கு அந்த வழியாக வந்தது. ரெவ்சன் என்ற பெயரில் 'எஸ்' எழுத்தை எடுத்துவிட்டு லாக்மனின் 'எல்' எழுத்தை நுழைத்தார்கள். ரெவ்சன் ரெவ்லான் ஆனது.

ஆபீஸ் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் ஒருவரின் விளக்குத் தொழிற்கூடத்தில் கிடைத்த மூலைதான். கடன் வாங்காமல் சரக்கு எடுக்க முடியாது. வங்கி கொடுக்கவில்லை என்றால் வட்டிக்காரர்தான். அமெரிக்காவாக இருந்தால் என்ன, சின்னத் தொழில் தொடங்குபவரின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் ஆண்டில் நடந்த விற்பனை சுமார் 4,055 டாலர்.

பார்லர்தான் பள்ளிக்கூடம்

ரெவ்சன் நேராகக் கடைகளுக்குப் போகவில்லை. மலிவு விலைக் கடைகளில் போட்டி அதிகம். அவர் பிடித்துக்கொண்ட இடம் பியூட்டி பார்லர்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தச் சமயத்தில் முடியைச் சுருட்டிவிடும் 'பெர்மனென்ட் வேவ்' அமெரிக்காவில் பெரிய மோகம். மந்தமான காலத்திலும் பார்லர்களுக்குக் கூட்டம் வந்தது. முடி சுருள மணிக்கணக்கில் ஆகும். அதுவரை கஸ்டமர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை இரண்டும் காலியாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு மேனிக்யூர் பெண் வந்து உட்கார்ந்தால் பார்லருக்கும் கூடுதல் வருமானம், அந்தப் பெண்ணுக்கும் டிப்ஸ்.

அந்த மேனிக்யூர் பெண்ணுக்குத்தான் நல்ல பாலிஷ் தேவை. கோடு விழுந்தால் திரும்ப அழித்துப் பூச வேண்டும். நேரம் போகும். கஸ்டமர் அடுத்த முறை வேறு ஆளிடம் போய்விடுவார். ஒரே சீராக மூடும் பாலிஷ் அவருடைய வேலையைக் காப்பாற்றும். இந்த லாஜிக் ரெவ்லானுக்கு ஒரு விற்பனைப் படையையே சம்பளம் இல்லாமல் கொடுத்தது. பார்லரில் பூசிக்கொண்ட பெண் இது என்ன பாலிஷ் என்று கேட்பார். பதில் ரெவ்லான்.

ரெவ்சனும் சரக்கை இறக்கிவிட்டுப் போகிற ஆள் இல்லை. புது நிறம் வந்தால் தன் விரல் நகங்களிலேயே பூசிப் பார்ப்பார். ஆண்கள் பாலிஷ் போட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையே இல்லை. எப்படி உலர்கிறது, எத்தனை நாளில் உரிகிறது, எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்பதைத் தன் கையிலேயே பார்த்துக்கொண்டார். கோடி கோடியாகச் சம்பாதித்த பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை.

1935-ல் முதல் விளம்பரம் 'தி நியூயார்க்கர்' பத்திரிகையில் வந்தது. செலவு சுமார் 335 டாலர். அந்த வருடத்து விளம்பர பட்ஜெட்டே அவ்வளவுதான். வசதியானவர்கள் படிக்கும் பத்திரிகையில் ஒரே ஒரு விளம்பரம். பாலிஷ் மலிவான பொருள் இல்லை, ஸ்டைலான பொருள் என்று காட்டுவதற்கு அது போதும். 1937-ல்தான் பார்லர்களைத் தாண்டி மருந்துக் கடைகளுக்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கும் ரெவ்லான் வந்தது.

சரி, இன்றைக்கும் ஏன் கோடு விழுகிறது?

நிறமி வந்தும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. காரணம், நிறமி கரையாது என்பதுதான். கரையாத எதுவும் ஒரு நாள் அடியில் தங்கும். பல வாரம் அலமாரியில் நின்ற சீசாவின் மேல்பகுதியில் தெளிந்த திரவமும், அடியில் நிறமும் பிரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைச் சமாளிக்க இன்றைய பாலிஷில் ஒரு வகைக் களிமண்ணைச் சேர்க்கிறார்கள். சீசா அசையாமல் நிற்கும்போது அது ஜெல் போல இறுகி, துகள்களைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். பிரஷ் பட்டதும் இளகும். தக்காளி சாஸ் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிர்த்தி வைத்தால் வராது, தட்டினால் கொட்டும். அதே கதைதான்.

ஆகவே பார்லரில் பாலிஷ் மெல்லிசாக, கோடு கோடாக வந்தால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை.

சீசா: நிறம் அடியில் தங்கியிருக்கிறதா? சீசாவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஒரு நிமிடம் உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் காற்றுக் குமிழ் வரலாம்.

கெட்டித்தன்மை: ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கரைப்பான் கொஞ்சம் ஆவியாகிறது. பாலிஷ் கெட்டியாகி, பிரஷோடு இழுபடும். பாலிஷுக்கென்றே விற்கும் தின்னரில் இரண்டு மூன்று சொட்டு போதும். ரிமூவரை ஊற்றக் கூடாது. அதில் இருக்கும் தண்ணீரும் எண்ணெயும் பாலிஷைக் கெடுத்துவிடும். தின்னர் தீப்பிடிக்கும் பொருள், அடைத்த அறையில் வேண்டாம்.

நகம்: மசாஜ் க்ரீமின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாலிஷ் ஒட்டாமல் விலகும். பேஸ் கோட்டுக்கு முன் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்துவிட வேண்டும். நகத்தில் வரி அதிகம் என்றால் வரிகளை நிரப்பும் பேஸ் கோட் தனியாகக் கிடைக்கிறது.

பிரஷ்: ஒரு பக்கத்தைச் சீசாவின் கழுத்தில் வழித்துவிட்டு, மறுபக்கத்தில் ஒரு சொட்டு இருக்கட்டும். நடுவில் ஒரு இழுப்பு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இழுப்பு. மூன்றோடு கையை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் திரும்பப் பிரஷ் வைத்தால் படலம் கிழியும். நிறைய பேர் செய்யும் தப்பு இதுதான். கோடு தெரிகிறதே என்று பதறி அதே இடத்தில் தேய்த்தால் கோடு பெரிதாகும். முதல் கோட்டில் கோடு தெரிந்தால் தெரியட்டும், இரண்டாவது அதை மூடும்.

இடைவெளி: இரண்டு கோட்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நிமிடம். தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் மேல்பகுதி மட்டும் சீக்கிரம் காய்ந்து இழுபடும். பூசும்போது அணைத்துவிடுவது நல்லது.

நிறம்: வெள்ளை, வெளிர் ரோஸ், பேஸ்டல் நிறங்கள் இயல்பாகவே கோடு காட்டும். அவற்றில் வெள்ளை நிறமி அதிகம். அதற்கு மெல்லிசாக மூன்றாவது கோட் தேவைப்படலாம். 'ஷியர்' என்று எழுதியிருந்தால் அது மெல்லிசாகத் தெரிவதற்காகவே செய்தது. அது குறையே இல்லை. கஸ்டமரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கோடு விழுந்தால்? அப்போது கை மேல் தப்பில்லை. சரக்கு மேல்தான்.

நிறத்துக்குப் பெயர் வைத்தவர்

திரும்ப ரெவ்சனிடம் வருவோம். அடர்த்தியான பாலிஷ் செய்வதை மற்ற நிறுவனங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அடுத்த வேலையைத் தொடங்கினார். ஆடைகளுக்கு சீசன் இருப்பது மாதிரி பாலிஷுக்கும் சீசன். வருடத்துக்கு இரண்டு முறை புது நிறம். வெறும் அடர் சிவப்பு என்று இல்லாமல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர், பெயருக்குள் ஒரு கதை. 'ஃபேட்டல் ஆப்பிள்', 'செர்ரீஸ் இன் தி ஸ்னோ' எல்லாம் அப்படி வந்தவை. பழைய சீசா தீர்வதற்குள் புதியது வாங்கத் தோன்றும். இன்று மொபைல் கம்பெனிகள் செய்வதை அன்றே பாலிஷில் செய்துவிட்டார்.

1940 வாக்கில் லிப்ஸ்டிக்கும் வந்தது. உதட்டு நிறமும் நக நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற யோசனையை விளம்பரத்தில் முன்வைத்தார்கள். ஒன்று வாங்க வந்தவர் இரண்டாக வாங்கிப் போனார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் ராணுவத்துக்கான பொருட்களையும் ரெவ்லான் தயாரித்தது. அதற்காக ராணுவம், கடற்படை வழங்கும் சிறப்பு விருதும் கிடைத்தது.

1952-ல் வந்தது 'ஃபயர் அண்ட் ஐஸ்'. ஒரு பக்கம் மாடல் டோரியன் லீயின் படம், எடுத்தவர் ரிச்சர்ட் அவெடன். இன்னொரு பக்கம் படிக்கும் பெண்ணிடம் குறும்பாகக் கேட்கும் கேள்விப் பட்டியல். பொருள் எப்படிப்பட்டது என்று அதிகம் பேசவே இல்லை. வாங்குபவர் தன்னைப் பற்றி என்ன நினைக்க விரும்புகிறார் என்பதைப் பேசியது. விளம்பரத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்லப்படும் விளம்பரம் இது.

சக போட்டியாளர்களுக்கு அவரைப் பிடிக்காது. அழகுசாதன உலகின் மகாராணியாக இருந்த ஹெலினா ரூபின்ஸ்டைன் அவரை நகக்காரர் என்றுதான் குறிப்பிடுவாராம். எலிசபெத் ஆர்டன் பெயரைக்கூடச் சொல்லாமல் அந்த ஆள் என்பார். ரெவ்சன் கோபப்படவில்லை. 'தட் மேன்' என்ற பெயரிலேயே ஆண்களுக்கு ஒரு வாசனைத் திரவியத்தை விற்பனைக்கு விட்டார்.

டிவி கொடுத்தது, டிவியே கறையும் ஆனது

1955 ஜூனில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி 64,000 டாலர் கொஸ்டியன்' தொடங்கியது. நம்மூரில் கோடீஸ்வரன் வகை நிகழ்ச்சிகள் எப்படிப் பேசப்பட்டனவோ, அப்படி அமெரிக்கா முழுக்க அந்த நேரத்தில் டிவி முன் உட்கார்ந்தது. ஸ்பான்சர் ரெவ்லான். 1954-ல் சுமார் 3.36 கோடி டாலராக இருந்த விற்பனை, 1956-ல் சுமார் 8.57 கோடி டாலர். விளம்பரம் வந்த மறுநாள் லிப்ஸ்டிக் கடைகளில் தீர்ந்துபோனது. 1955 இறுதியில் ரெவ்லான் பங்குகள் பொதுமக்களுக்கு வந்தன. 12 டாலருக்கு வெளியான பங்கு சில வாரங்களில் 30 டாலரைத் தொட்டது.

பிறகுதான் பூச்சு உரிந்தது. 1958-ல் தொடங்கி, இதுபோன்ற வினாடி வினா நிகழ்ச்சிகள் பலவற்றில் யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள் என்ற விஷயம் வெடித்தது. 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. ஒவ்வொரு வாரமும் நடந்த கூட்டங்களில், எந்தப் போட்டியாளர் தொடர வேண்டும் என்பதில் ஸ்பான்சரின் விருப்பம் இருந்தது என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. சார்லஸும் மார்ட்டினும் குழு முன் ஆஜரானார்கள். விடைகள் முன்பே கொடுக்கப்பட்டது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அன்றைய சட்டப்படி இப்படிப் போட்டியை வளைப்பது குற்றமும் இல்லை. அதன் பிறகு, 1960-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டத்தில் சிக்கவில்லை. விற்பனையும் சரியவில்லை. ஆனாலும் பழி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்ததை நாடே பார்த்தது. பழி கடைசியில் அதிகம் தங்கியது மேடையில் நின்ற போட்டியாளர்கள் மேல்.

அதே கண், அதே நாக்கு

சீசாவுக்குள் ஒரு துளி குறையைக்கூடப் பொறுக்காத அந்தக் கண்தான் ரெவ்லானை வளர்த்தது. அதே கண் மனிதர்கள் பக்கம் திரும்பும்போது நிலைமை வேறு. நேரம் காலம் பார்க்காத மீட்டிங்குகள், நடுராத்திரி போன் கால்கள், எல்லோர் முன்னாலும் திட்டு. பெரிய பதவிக்கு வந்த அதிகாரிகள் வந்த வேகத்தில் போனார்கள். ரெவ்லானில் தாக்குப்பிடிப்பதே ஒரு தகுதி என்று அந்தத் துறையில் பேச்சு இருந்தது.

வெளியாட்கள் மட்டுமில்லை. கூடவே 1932-ல் தொடங்கிய அண்ணன் ஜோசப், 1955-ல் பங்குகளைக் கொடுத்துவிட்டு விலகினார். சந்தைக்குப் பங்கு வந்து விலை ஏறுவதற்கு முன்பே அவர் வெளியேறிவிட்டார். தம்பி மார்ட்டின் 1958-ல் விலகினார், அண்ணன் மேல் வழக்கும் போட்டார். அதன் பிறகு இருவருக்கும் பல வருடங்கள் பேச்சே இல்லை. மூன்று திருமணங்களும் விவாகரத்தில் முடிந்தன.

இத்தனைக்கும் பார்லரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேனிக்யூர் பெண்ணின் கஷ்டத்தைத் தொழிலாகப் புரிந்துகொண்டவர் அவர். சரக்கு சரியில்லாதபோது கையைக் குறை சொல்லக் கூடாது என்பதுதான் அவர் விற்ற பொருளின் அர்த்தம். தன் அலுவலகத்தில் அவர் எப்போதும் கைகளைத்தான் குறை சொன்னார். அந்த வித்தியாசம்தான் அவர் வாழ்க்கையில் மிஞ்சிய கோடு.

கடைசி ஆண்டுகள்

1973-ல் அவர் பெயரையே சுருக்கி 'சார்லி' என்ற வாசனைத் திரவியம் வந்தது. அதுவரை பெர்ஃபியூம் விளம்பரம் என்றால் கவுன் போட்ட பெண், காத்திருக்கும் ஆண். சார்லி விளம்பரத்தில் பேன்ட் சூட் போட்ட பெண் தனியாக நடந்து வந்தாள். வேலைக்குப் போய், தன் பணத்தில் தனக்கு வாங்கும் பெண்ணை அது குறிவைத்தது. உலகில் மிக அதிகம் விற்ற வாசனைத் திரவியங்களில் ஒன்றாக மாறியது.

1974-ல் ரெவ்லானின் ஆண்டு விற்பனை 60 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதே சமயத்தில் ரெவ்சனுக்குக் கணையப் புற்றுநோய். வாரிசாகக் குடும்பத்தில் யாரையும் நியமிக்கவில்லை. ஐடிடி நிறுவனத்திலிருந்து மைக்கேல் பெர்ஜராக் என்ற நிர்வாகியைக் கொண்டுவந்தார். சேருவதற்கே 15 லட்சம் டாலர் போனஸ் என்பது அன்று பெரிய செய்தி. 1975 ஆகஸ்ட் 24-ல், 68 வயதில் ரெவ்சன் இறந்தார். சொத்தில் பெரும் பகுதி, 1956-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளைக்குப் போனது. கல்வி, மருத்துவ ஆராய்ச்சி போன்ற பணிகளுக்கு இன்றும் அது நிதி தருகிறது.

அதற்குப் பிறகு ரெவ்லான்?

1985-ல் தொழிலதிபர் ரொனால்ட் பெரல்மன் நிறுவனத்தைக் கைப்பற்றினார். அந்தப் போராட்டத்தில் வந்த தீர்ப்பு அமெரிக்க கார்ப்பரேட் சட்டத்தில் ரெவ்லான் பெயரிலேயே இன்றும் பேசப்படுகிறது. நிறுவனத்தை விற்பது என்று முடிவான பிறகு, பங்குதாரர்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல விலையைப் பெற்றுத் தருவது இயக்குநர்களின் கடமை என்பது அதன் சாரம். 1995 வாக்கில் ரெவ்லான் இந்தியாவுக்கும் வந்தது. கடன் சுமை ஏறி, 2022-ல் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு, 2023-ல் அதிலிருந்து மீண்டது.

ரெவ்சன் விட்டுச்சென்றதில் இன்றைக்கும் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. அது எந்த விளம்பரமும் இல்லை. ஒரு பொருளைக் கஸ்டமருக்குப் பூசுவதற்கு முன், அதைத் தன் நகத்தில் பூசிப் பார்க்கும் பழக்கம். பார்லரில் புது சீசா வந்தால், முதல் கோட்டைக் கஸ்டமர் விரலில் போடாதீர்கள். உங்கள் கட்டைவிரலில் போட்டுப் பாருங்கள். கோடு விழுகிறதா, எத்தனை கோட் தேவை, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சரக்கில் குறை இருந்தால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். பழி உங்கள் கை மேல் வராது.